மூன்றாம் கைக்குப் போகும் சாவி

கொச்சி மாநகராட்சியின் தெற்கு ஓரத்தில், தோப்பும்படியிலிருந்து பள்ளுருத்தி வழியாக அரூர் பாலத்துக்குப் போகும் சாலையில் இருக்கிறது இடக்கொச்சி. காக்கநாட்டைப் போலவோ மரைன் டிரைவைப் போலவோ அடுக்ககங்கள் நெருக்கியடித்து நிற்கும் இடமல்ல. அக்வினாஸ் கல்லூரி, சியன்னா கல்லூரி, காயலோரச் சதுப்பு மரங்கள், அந்த மரங்களை அழித்ததாக எழுந்த புகாரில் சிக்கிக்கொண்ட கிரிக்கெட் மைதானத் திட்டம் என்று சிலவற்றால்தான் வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பெயர் தெரியும். ஆனால் வாடகை வீட்டுக்கு இங்கே ஆள் குறைவதில்லை. பாலத்தைத் தாண்டினால் அரூர். இறாலும் கணவாயும் பதப்படுத்தி ஏற்றுமதி செய்யும் ஆலைகள். வடக்கே வில்லிங்டன் தீவில் துறைமுகமும் கடற்படையும். அதற்கும் மேற்கே மட்டாஞ்சேரியும் ஃபோர்ட் கொச்சியும், அங்கே வருடம் முழுக்கச் சுற்றுலாப் பயணிகள். வேலைக்கு வந்தவர், படிக்க வந்தவர், மாற்றலாகி வந்தவர் எல்லோருக்கும் தலைக்கு மேல் கூரை வேண்டும். வீட்டுக்காரரோ பல நேரம் வளைகுடாவில் இருப்பார்; சாவி அவருடைய தம்பியிடமோ தரகரிடமோ இருக்கும்.

இந்தச் சூழலில் வாடகைக்கு எடுத்த ஒரு ஃபிளாட் எத்தனை விதமாகக் கைமாறலாம் என்று பாருங்கள். எடுத்தவர் அதை அப்படியே இன்னொரு குடும்பத்துக்கு விடலாம். தான் ஓர் அறையில் இருந்துகொண்டு மற்ற அறைகளில் தலைக்கு இவ்வளவு என்று பேயிங் கெஸ்ட் வைக்கலாம். மொபைல் ஆப்பில் போட்டு நாள் வாடகைக்கு விடலாம். ஐந்தாறு லட்சத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு, மாத வாடகை இல்லாமல் 'பணயத்துக்கு' (நம் ஊரில் ஒத்தி, போக்கியம் என்போமே, அதற்கு) கொடுத்துவிடலாம். அசோசியேஷன் பைலாவில் இவை எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: கமிட்டியின் எழுத்துமூல அனுமதியின்றி உள்வாடகைக்கு விடக் கூடாது.

அந்த வரிக்கு எவ்வளவு பலம் இருக்கிறது, எங்கே அது செல்லாது, எங்கே அது போதாது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் அசோசியேஷன்கள் வருகிற ஆளைப் பார்க்கின்றன, காகிதத்தைப் பார்ப்பதில்லை. சேதம் வருவது காகிதத்தின் வழியாக.

சட்டத்தின் அடிப்படை நிலை பலருக்கு வியப்பளிக்கும். 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டம், 108ஆம் பிரிவில், குத்தகைக்கு எடுத்தவர் தன் உரிமையை முழுதாகவோ பகுதியாகவோ மற்றவருக்கு மாற்றலாம், உள்குத்தகைக்கு விடலாம், அடமானமும் வைக்கலாம் என்கிறது. ஒப்பந்தத்தில் இதற்கு மாறாக எழுதியிருந்தால் மட்டுமே தடை. அதனால்தான் பதினோரு மாத வாடகை ஒப்பந்தம் எதை எடுத்துப் பார்த்தாலும் 'உள்வாடகைக்கு விடக் கூடாது' என்ற வரி தவறாமல் இருக்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்வதால் பதினோரு மாதம் என்று எழுதுகிறார்கள். பழைய நகலைப் பார்த்துப் புதிய முத்திரைத்தாளில் அடிக்கும்போது இந்த வரியும் கூடவே வந்துவிடுகிறது. இரு தரப்பும் அதைப் படித்துப் பார்ப்பது அபூர்வம்.

வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் இந்த அடிப்படையைத் தலைகீழாக்கின. கொச்சிக்குப் பொருந்துவது 1965ஆம் ஆண்டின் கேரளக் கட்டிடங்கள் குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதன் 11(4) பிரிவின்படி, ஒப்பந்தம் உரிமை தராத நிலையில் வீட்டுக்காரரின் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விட்டால் காலி செய்யக் கோரி மனுப் போடலாம். ஆனால் நேராக மனுப் போட முடியாது. முதலில் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். வாடகைதாரருக்கு 30 நாள் கிடைக்கும். அதற்குள் உள்வாடகையை முடித்துக்கொண்டால் விஷயம் அத்தோடு தீர்ந்தது. நான் படித்தவரை இது நியாயமான ஏற்பாடு: தவற்றைச் சொல்லி, திருத்திக்கொள்ள வாய்ப்பும் தந்து, பிறகு நடவடிக்கை. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த, நில உரிமையாளர்-வாடகைதாரர் உரிமைகள் பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டமும் வீட்டுக்காரரின் முன் சம்மதம் எழுத்தில் இல்லாமல் உள்வாடகை கூடாது என்கிறது. 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஏற்ற மாதிரி வாடகைச் சட்டமும் அதே வழியில்தான் போகிறது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தச் சட்டங்கள் எல்லாம் வீட்டுக்காரரையும் வாடகைதாரரையும் பற்றியவை. அசோசியேஷன் என்ற மூன்றாம் தரப்பு இவற்றில் எங்கும் வருவதில்லை.

மட்டாஞ்சேரிக்கு உள்வாடகை புதிய சங்கதியும் அல்ல. பஜார் சாலையில் மிளகும் சுக்கும் அடுக்கியிருந்த கிடங்குகள் இன்று பழம்பொருள் கடையாக, காபிக் கடையாக, ஓவியக் கூடமாக மாறியிருக்கின்றன. பழைய வாடகைக் கடைகள் கைமாறும் இடங்களில் எல்லாம், பெயருக்கு ஒரு கூட்டு வியாபார ஒப்பந்தம் எழுதி உள்வாடகையை மறைப்பது இந்தியா முழுதும் வழக்கறிஞர்களுக்குத் தெரிந்த வித்தை. நீதிமன்றங்களுக்கும் தெரியும். கடையின் முழு அனுபவமும் யாரிடம் இருக்கிறது, அதற்குப் பணம் கைமாறியதா என்ற இரண்டு கேள்விகளால் அந்தத் திரையை விலக்கிவிடுகிறார்கள். வீட்டுக்கும் அளவுகோல் இதுவே. 1959இல் டெல்லி இம்பீரியல் ஹோட்டலுக்குள் இயங்கிய ஒரு முடிதிருத்தகம் தொடர்பான வழக்கில், பத்திரத்தில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பதைவிட அந்த இடத்தின் தனி அனுபவம் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பதே முக்கியம் என்ற அளவுகோலை உச்ச நீதிமன்றம் வகுத்தது. தனி அனுபவம் கொடுத்தால் குத்தகை. இருந்துவிட்டுப் போக இசைவு மட்டும் கொடுத்தால் உரிமம். பேயிங் கெஸ்ட் பெரும்பாலும் இரண்டாவது வகை. சமையல்காரரும் பொதுச் சாவியும் வீட்டுக்காரம்மாவிடம் இருக்கும்போது, கட்டிலுக்கு வாடகை கொடுப்பவர் உள்வாடகைதாரர் ஆகிவிடுவதில்லை. ஆகவே 'உள்வாடகை கூடாது' என்ற வரியை வைத்துக்கொண்டு ஒரு கமிட்டி பேயிங் கெஸ்ட்களை வெளியேற்ற முயன்றால், அந்த வரி முதல் கேள்வியிலேயே தடுமாறும்.

இனி அசோசியேஷனின் அதிகாரம். கேரளத்தில் 1983ஆம் ஆண்டின் அபார்ட்மென்ட் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஆனால் ஒரு கட்டிடம் அதன் கீழ் வர, உரிமையாளர்கள் சேர்ந்து பிரகடனப் பத்திரம் எழுதிப் பதிவு செய்தாக வேண்டும். அப்படிச் செய்த கட்டிடத்தில் பைலாவுக்குச் சட்டத்தின் ஆதரவு உண்டு. மீறுகிறவர் மேல் நஷ்ட ஈடோ தடையாணையோ கேட்டு வழக்குப் போடலாம். செய்யாத கட்டிடங்கள் ஏராளம். எர்ணாகுளம் பக்கத்து அசோசியேஷன்கள் பல 1955ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்-கொச்சி இலக்கிய, அறிவியல், அறநிறுவனச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானவை. வாசகசாலையும் கலைக் கழகமும் பதிவு செய்துகொள்ளும் அதே சட்டம். அப்படிப்பட்ட சங்கத்தின் விதி அதன் உறுப்பினரைக் கட்டுப்படுத்தும். உறுப்பினர் வீட்டுக்காரர், வாடகைதாரர் அல்ல. வாடகைதாரரிடமிருந்து உள்வாடகைக்கு எடுத்தவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சங்கத்துக்கும் அவருக்கும் இடையில் ஒரு கையெழுத்துகூட இல்லை.

இதன் விளைவு விநோதமானது. விதியை மீறியவர் ஒருவர், அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் துபாயில் இருக்கும் இன்னொருவர், அவதிப்படுகிறவர் சாமான்களோடு லாரியில் வந்து இறங்கிய மூன்றாமவர். வாசலில் நிற்கும் செக்யூரிட்டி மறிப்பது அந்த மூன்றாமவரைத்தான். லிஃப்ட் கார்டை முடக்குவது, தண்ணீரை நிறுத்துவது என்று சில கமிட்டிகள் கையில் எடுக்கும் ஆயுதங்களும் அவர் மேல்தான் பாய்கின்றன. வாடகைதாரர் அனுபவிக்கும் வசதிகளை வீட்டுக்காரரே தக்க காரணமின்றி நிறுத்தக் கூடாது என்று 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. வீட்டுக்காரருக்கே இல்லாத அதிகாரம் கமிட்டிச் செயலாளருக்கு எங்கிருந்து வரும்?

மேற்குக் கொச்சியில் உள்வாடகையின் ஆபத்தான முகம் பணயம். பள்ளுருத்தி, தோப்பும்படி, இடக்கொச்சிப் பக்கம் 'வீடு பணயத்துக்கு' என்ற விளம்பரம் சாதாரணம். வங்கியில் போட்டால் சொற்ப வட்டி, வாடகை கொடுத்தால் திரும்பி வராத பணம், பணயத்தில் போட்டால் குடியிருந்துவிட்டு முழுதாகத் திரும்பக் கிடைக்கும் என்பது குடும்பங்களின் கணக்கு. நேராக வீட்டுக்காரரிடமே பணம் கொடுத்து, அவரே பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் இந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே போகும். நடுவில் ஒருவர் நுழையும்போதுதான் விபரீதம்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். வளைகுடாவில் இருக்கும் ஒருவர் தன் ஃபிளாட்டை மாதம் 14,000 ரூபாய்க்கு ஒருவருக்கு வாடகைக்கு விடுகிறார். அந்த ஆள் அதை 6 லட்சம் வாங்கிக்கொண்டு ஒரு குடும்பத்துக்குப் பணயத்துக்குக் கொடுக்கிறார். குடும்பம் குடியேறுகிறது; வீட்டுக்காரருக்கு மாதாமாதம் வாடகை போகிறது; யாருக்கும் சந்தேகம் இல்லை. இப்போது நடுவில் இருப்பவரின் கணக்கைப் பாருங்கள். 6 லட்சத்தைக் கையில் வைத்துக்கொண்டிருப்பதற்காக அவர் வருடம் 1,68,000 ரூபாய் வாடகை கட்டுகிறார். அதாவது 28 சதவீத வட்டி. வீட்டுக் கடனுக்கு வங்கிகள் வாங்குவதைப் போல மூன்று மடங்கு. இப்படி ஒரு வட்டிக்குக் கடன் வாங்குகிறவர் யாராக இருப்பார்? ஒன்று, வேறு வழியே இல்லாதவர். அல்லது திருப்பிக் கொடுக்கும் எண்ணம் இல்லாதவர். மூன்று வருடம் அவர் நாணயமாகவே வாடகை கட்டினாலும் 5,04,000 கரைந்துவிடும். கையில் மிஞ்சுவது 96,000. ஆனால் திருப்பிக் கொடுக்க வேண்டியது 6 லட்சம். இன்னொரு ஃபிளாட்டை எடுத்து, இன்னொரு குடும்பத்திடம் வாங்கித்தான் முதல் குடும்பத்துக்குக் கொடுக்க முடியும். சங்கிலி எங்கே அறுந்தாலும் கடைசியில் நிற்கும் குடும்பம் மொத்தத்தையும் இழக்கும். வாடகை நின்றதும் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார். அவருக்கு இந்தக் குடும்பம் யாரென்றே தெரியாது. ஒரே ஃபிளாட்டை இரண்டு மூன்று பேருக்குப் பணயம் கொடுத்து ஏமாற்றியதாக காக்கநாடு பக்கமிருந்து செய்திகள் வந்திருக்கின்றன. மோசடி வழக்குப் போடலாம், 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவில். பணம் திரும்புமா என்பது வேறு கதை.

இந்தக் குடும்பம் குடியேறிய நாளில் அசோசியேஷன் சும்மா இருந்திருக்காது. படிவம் கொடுத்திருக்கும். ஆதார் நகல், வண்டி எண், எத்தனை பேர், உறவுமுறை, எங்கே வேலை என்றெல்லாம் கேட்டிருக்கும். சாமான் ஏற்றி இறக்கக் கட்டணமும் வாங்கியிருக்கும். கேட்காமல் விட்டது ஒன்றே ஒன்று: ஃபிளாட்டின் சொந்தக்காரர் இதற்குச் சம்மதித்தாரா? உறுப்பினர் பதிவேட்டில் அவருடைய போன் நம்பர் இருக்கிறது. ஒரு வாட்ஸ்அப் அழைப்பு போதும். பேசி முடிக்க ஐந்து நிமிடம் ஆகாது.

கமிட்டிகளின் கவனம் எங்கே போகிறது? 2023 தொடக்கத்தில் திருவனந்தபுரத்தில் ஓர் அடுக்கக உரிமையாளர் சங்கம், திருமணமாகாத வாடகைதாரர்கள் காலி செய்ய வேண்டும், எதிர்பாலின விருந்தினர்களுக்கு அனுமதி இல்லை என்று நோட்டீஸ் கொடுத்ததாகச் செய்தி வந்தது. சென்னையிலும் பெங்களூரிலும் வீடு தேடிய எவருக்கும் இந்த மொழி பழக்கமானதே: பேச்சிலர் கூடாது, அசைவம் கூடாது, 'எங்க ஆளுங்களா' என்ற சுற்றிவளைத்த கேள்வி. உள்வாடகை விதி இந்தக் கேள்விகளை ஒளித்துவைக்க வசதியான இடம். அனுமதி தர மறுப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று எழுதிக்கொண்டால் போதும், சாதியும் மதமும் அந்த மௌனத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இதைச் சட்டம் எவ்வளவு தூரம் அனுமதிக்கும் என்பதில் இரண்டு தீர்ப்புகள் இரு திசையில் நிற்கின்றன. 2005இல், அகமதாபாத் ஜொராஸ்ட்ரியன் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் வழக்கில், பார்சிகளுக்கு மட்டுமே உறுப்பினர் தகுதி என்ற விதியை உச்ச நீதிமன்றம் ஏற்றது. விரும்பிச் சேர்ந்தவர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட விதி அது என்பது அடிப்படை. இந்தத் தீர்ப்பைப் பல சங்கங்கள் கேடயமாகப் பிடித்துக்கொள்கின்றன. ஆனால் அது ஒரு சமூகத்தார் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றியது. பில்டரிடம் பணம் கொடுத்து யார் வேண்டுமானாலும் வாங்கிய அடுக்ககத்துக்கு அதை அப்படியே பொருத்துவது சரியல்ல. மறுபக்கம், 2021 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம், குடியிருப்பவர்கள் செல்லப் பிராணி வளர்ப்பதைத் தடை செய்யும் அசோசியேஷன் விதிகள் சட்டவிரோதம், செல்லாது என்று சொன்னது. பொது இடங்களில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விதிக்கலாம்; வீட்டுக்குள் யாரோடு வாழ்வது என்று விதிக்க முடியாது என்பதே அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. நாய்க்கு உள்ள உரிமை திருமணமாகாத நர்ஸுக்கு இல்லையென்று எந்த கமிட்டி வாதாடும்?

பாதுகாப்பைக் காரணம் காட்டுவார்கள். அதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. 2012 பிப்ரவரியில் சென்னை வேளச்சேரியில், வங்கிக் கொள்ளை வழக்கில் தேடப்பட்ட ஐந்து பேர் ஒரு வாடகை வீட்டில் போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டி, வாடகைதாரர் விவரங்களைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று மாநகரக் காவல் ஆணையர் உத்தரவிட்டார். யார் தங்கியிருக்கிறார் என்பதற்குப் பதிவு வேண்டும் என்பது சரி. ஆனால் பதிவு என்பது வேறு, அனுமதி என்பது வேறு. முன்னதில் பெயரும் கையெழுத்தும் கேட்கிறார்கள். பின்னதில் குணச் சான்றிதழ் கேட்கிறார்கள்.

மும்பை இந்த வேறுபாட்டை அடிபட்டுக் கற்றது. அங்கே கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்கள், வீட்டை வாடகைக்கு விட்ட உறுப்பினரிடம் 'குடியிராமைக் கட்டணம்' என்று தனியாக வசூலித்தன. வாங்கிய வாடகையில் பங்கு கேட்பது போல அது வளர்ந்தது. 2001 ஆகஸ்டில் மகாராஷ்டிர அரசு, சேவைக் கட்டணத்தில் 10 சதவீதத்துக்கு மேல் இப்படி வாங்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. மோன் பிளாங்க் என்ற சங்கம் எதிர்த்து வழக்குப் போட்டது. 2007இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. பிறகு வந்த மாதிரி விதிகளில், வாடகைக்கு விடச் சங்கத்தின் முன் அனுமதி தேவையில்லை, தகவலும் ஒப்பந்த நகலும் கொடுத்தால் போதும் என்று ஆக்கினார்கள். கேரளத்தில் இப்படி ஓர் உச்சவரம்பு எழுதப்பட்டிருந்தால், வாடகைதாரர் உள்ள வீட்டுக்கு ஒரு மெயின்டனன்ஸ், சொந்தக்காரர் உள்ள வீட்டுக்கு இன்னொன்று என்ற சண்டைகள் பாதி குறையும்.

நாள் வாடகை தனி ரகம். இதில் நான் அசோசியேஷன் பக்கம். ஃபோர்ட் கொச்சியில் ஹோம்ஸ்டே ஒரு தொழில். கேரளச் சுற்றுலாத் துறை அவற்றை டயமண்ட், கோல்டு, சில்வர் என்று தரம் பிரிக்கிறது. 1 முதல் 6 அறை வரை, வீட்டுக்காரரும் அங்கேயே குடியிருக்க வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் 'சி' படிவம் ஏற்றியாக வேண்டும். இடக்கொச்சியில் பதினோரு மாத ஒப்பந்தத்தில் ஒரு ஃபிளாட்டை எடுத்து, சாவியைக் கதவோரப் பெட்டியில் வைத்துவிட்டு, எங்கோ இருந்துகொண்டு இரவுக்கு இவ்வளவு என்று விடுகிறவர் இதில் எதைச் செய்கிறார்? தண்ணீர் லாரி எண்ணிக்கை கூடும், நள்ளிரவில் பெட்டி உருளும், லிஃப்டில் தினம் புதுமுகம். செலவு எல்லோருக்கும், வரும்படி ஒருவருக்கு.

கோலாலம்பூரில் இதே பிரச்சினை நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனது. மோன்ட் கியாராவில் உள்ள வெர்வ் சூட்ஸ் அடுக்ககத்தின் நிர்வாகக் கழகம் குறுகிய கால வாடகையைத் தடை செய்தது, உரிமையாளர்கள் எதிர்த்தார்கள். குத்தகை போன்ற உரிமை மாற்றங்களை விதிகளால் தடுக்கக் கூடாது என்று மலேசியச் சட்டம் சொல்கிறதே என்பது அவர்கள் வாதம். 2020 அக்டோபரில் கூட்டரசு நீதிமன்றம், இரண்டு நாள் தங்கிப் போகிறவர் குத்தகைதாரர் அல்ல, உரிமம் பெற்றவர் மட்டுமே, ஆகவே அந்தப் பாதுகாப்பு இங்கே பொருந்தாது என்று தடையை ஏற்றது. இம்பீரியல் ஹோட்டல் வழக்கில் பார்த்த அதே கோடு, அறுபது வருடம் கழித்து, இன்னொரு நாட்டில். சிங்கப்பூர் வாதத்துக்கே இடம் வைக்கவில்லை: தனியார் வீடுகளுக்கு 2017 முதல் குறைந்தது 3 மாதம், வீட்டுவசதிக் கழக வீடுகளுக்கு 6 மாதம், முழு வீட்டையும் விட ஐந்து வருடம் அதில் குடியிருந்திருக்க வேண்டும், சிங்கப்பூர்க் குடிமகனாகவும் இருக்க வேண்டும்.

இந்தியாவில் நாள் வாடகையைக் கேள்வி கேட்கும்போது பேச்சு சட்டென்று ஒழுக்கத்துக்குத் திரும்பிவிடுகிறது. கோயம்புத்தூரில் 2019இல் ஒரு சர்வீஸ் அபார்ட்மென்டை அதிகாரிகள் மூடி சீல் வைத்தார்கள். சொன்ன காரணங்களில் ஒன்று, திருமணமாகாத ஓர் ஆணும் பெண்ணும் ஒரே அறையில் இருந்தார்கள் என்பது. அப்படித் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று அந்த ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சீலை அகற்றச் சொன்னது. தீயணைப்பு வசதி, உரிமம், விருந்தினர் பதிவேடு என்று கேட்க வேண்டிய கேள்விகள் எத்தனையோ இருக்க, யார் யாரோடு தங்கினார் என்பதில் போய் நின்றதால் அரசுத் தரப்பு தானே பலவீனப்பட்டது. அடுக்ககக் கமிட்டிகளுக்கும் இதில் படிப்பினை உண்டு.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஸ்கார்பரோத் தமிழர்கள் பலர் இயக்குநர்களாக இருக்கும் காண்டோ கழகங்களுக்குச் சட்டம் இரண்டு நல்ல கருவிகளைத் தந்திருக்கிறது. வீட்டை வாடகைக்கு விடுகிறவர் 10 நாளுக்குள் வாடகைதாரர் பெயரையும், ஒப்பந்தத்தின் நகலையோ சுருக்கத்தையோ கழகத்துக்குக் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் பொதுச் செலவுப் பணம் கட்டாமல் நிலுவை வைத்தால், கழகம் நேரே வாடகைதாரருக்கு நோட்டீஸ் கொடுத்து, அவர் தர வேண்டிய வாடகையிலிருந்து அதை வாங்கிக்கொள்ளலாம். தண்ணீரை நிறுத்த வேண்டாம், லிஃப்டை மறிக்க வேண்டாம். இது கேரளத்துக்கு வந்தால் கமிட்டிகளின் கோபத்தில் பெரும்பகுதி வடிந்துவிடும் என்று நினைக்கிறேன். உள்வாடகை மேல் உள்ள எரிச்சலுக்குப் பின்னால் பல இடங்களில் இருப்பது வசூலாகாத மெயின்டனன்ஸ்தான். கொழும்பில் 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நிர்வாகக் கூட்டுத்தாபனங்கள் இருக்கின்றன. வெள்ளவத்தையில் புலம்பெயர்ந்தோர் வாங்கிப் போட்ட ஃபிளாட்டுகளிலும் கவலை ஏறக்குறைய இதுவே: சொந்தக்காரர் எட்டாத தூரத்தில்.

உள்வாடகை பற்றிய பேச்சு பெரும்பாலும் பைலா உள்ள கட்டிடங்களோடு நின்றுவிடுகிறது. அரூரின் இறால் ஆலைகளுக்கும் கட்டிட வேலைக்கும் வந்த அசாம், ஒடிசா, வங்காளத் தொழிலாளர்களுக்கு வாடகை ஒப்பந்தமே அபூர்வம். ஒப்பந்தக்காரர் வீட்டை எடுக்கிறார், ஆட்களை அடுக்குகிறார், கூலியில் பிடித்துக்கொள்கிறார். சட்டத்தின் கண்ணில் அவர்கள் உள்வாடகைதாரர்கூட அல்ல. கேரள அரசு பாலக்காடு கஞ்சிக்கோட்டில் 2019இல் 'அப்னா கர்' விடுதியைத் திறந்தது. அதுபோல எத்தனை வந்தாலும் இந்தத் தேவைக்குப் போதாது. அரசே கட்டிக் கொடுக்கும் குடியிருப்புகளில் வேறு சிக்கல். ஃபோர்ட் கொச்சி துருத்தியில் ஏறக்குறைய 400 குடும்பங்களுக்கான இரட்டைக் கோபுரங்கள் 2025இல் திறக்கப்பட்டன. சென்னையில் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளான பெரும்பாக்கமும் கண்ணகி நகரும் முன்னுதாரணம்: ஒதுக்கீடு பெற்றவர் வாடகைக்கு விடக் கூடாது என்பது விதி, வேலை கிடைக்கும் இடம் பல கிலோமீட்டர் தள்ளி என்பது நிஜம். வயிற்றுப் பிழைப்புக்காகப் பழைய பேட்டைக்கே திரும்பியவர் புது வீட்டை வாடகைக்கு விடுவதை மோசடி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. துருத்தியில் மக்களை இருந்த இடத்திலேயே வைத்துக் கட்டியிருப்பதால் அந்த நெருக்கடி குறையலாம்.

இடக்கொச்சி போன்ற இடத்தில் ஒரு கமிட்டி நாளைக்கே தன் விதியைத் திருத்தி எழுத உட்கார்ந்தால், நான் கேட்பது இவ்வளவுதான். நாள் வாடகையை, குறைந்தபட்ச காலம் குறித்து, நேராகத் தடை செய்யட்டும். அறைக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கை வைக்கட்டும். அது எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும், சொந்தக்காரரின் கூட்டுக் குடும்பம் உட்பட. குடியிருப்பவர் மாறும்போதெல்லாம் சொந்தக்காரரிடமிருந்து நேரடியாக எழுத்தில் உறுதி வாங்கட்டும்; பவர் பத்திரம் வைத்திருப்பவர் கையெழுத்துப் போட்டால் அந்தப் பத்திரத்தின் நகலையும் சேர்க்கட்டும். பெரிய தொகை கைமாறியிருந்தால் அது யார் கணக்குக்குப் போனது என்று குடியேறுகிறவரையே ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்லட்டும். மணமானவரா, என்ன சாப்பிடுவார், யார் வந்து போகிறார் என்ற கட்டங்கள் படிவத்தில் வேண்டாம்.

பணயத்துக்கு முறையான பாதுகாப்பு சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அனுபவ அடமானம் என்று சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 58ஆம் பிரிவு அதை விவரிக்கிறது. 100 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் பதிவு செய்த பத்திரம் வேண்டும் என்கிறது 59ஆம் பிரிவு. பதிவு செய்தால் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். ஒரே ஃபிளாட்டை இன்னொருவருக்கு வைக்க முயன்றால் அங்கேயே தெரிந்துவிடும். ஆனால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் யார் கொடுப்பது என்ற பேரத்தில் இரு தரப்பும் பின்வாங்கி, 'வாடகை ஒப்பந்தம், பாதுகாப்பு வைப்புத் தொகை' என்று வெறும் முத்திரைத்தாளில் எழுதி முடித்துவிடுகிறார்கள். இந்தப் பழக்கம் மாறும்வரை, ஒரு குடும்பம் தன் 6 லட்சத்தோடு எந்த வீட்டில் யாருடைய சம்மதத்தில் குடியேறியது என்பதற்குப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எந்தத் தடயமும் இருக்காது. அசோசியேஷன் அலமாரியில் இருக்கும் கோப்பில் ஒரு கையெழுத்து இருந்தால் உண்டு.